மலைப்பாறையில் ஒரு பள்ளி



தமிழகத்துக்குப் பயணம் போய்வந்தவர்கள் இன்று நம் தோட்டங்களில் நிறையப் பேர் இருக்கிறார்கள். ரஜூலா கப்பலில் நாட்கணக்கில் அலைபட்டு நாகப்பட்டினத்தில் இறங்கிய காலம் 1970களோடு முடிந்தது. இப்போது கோலாலம்பூரில் பசியாறிவிட்டு விமானம் ஏறினால் பொழுது சாய்வதற்குள் திருச்சிராப்பள்ளி. எங்கெங்கே போனீர்கள் என்று கேட்டால், பழனி, மதுரை, இராமேசுவரம், திருச்செந்தூர் என்று ஒரே மூச்சில் சொல்வார்கள். அடுத்த மூச்சில் சேலைக்கடைகளின் பெயர் வரும். குறை சொல்லவில்லை, நாமும் அப்படிப் போய்வந்தவர்கள்தாம். ஆனால், மீனாட்சியம்மன் கோயிலிலிருந்து ஒரு மணி நேரத்துக்கும் குறைவான வழியில், அந்தக் கோயில் கோபுரங்களைவிட ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேல் பழமையான தமிழ் எழுத்துகள் பாறையில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு வந்தோம் என்று சொல்பவரை நாம் அதிகம் கண்டதில்லை. 2025ஆம் ஆண்டுப் பள்ளி விடுமுறையில் அந்த மலைகளுக்கென்றே போய்வந்தோம். அந்தச் செய்தியைத்தான் இன்று சொல்ல விரும்புகிறோம்.

முதலில் அந்த மலைகளில் வாழ்ந்தவர்கள் யார் என்று தெரிந்துகொள்வோம். அவர்கள் சமணத் துறவிகள். எந்த உயிருக்கும் தீங்கு செய்யலாகாது என்பதைத் தலையாய நெறியாகக் கொண்டவர்கள். ஊர் ஊராகக் கால்நடையாகவே திரிவார்கள். ஆனால் மழைக்காலம் வந்துவிட்டால் நடக்கமாட்டார்கள். ஏன் தெரியுமா? மழை பெய்தால் மண்ணில் புழுவும் பூச்சியும் பெருகும். நடக்கும்போது மிதிபட்டுச் சாகும். ஆகவே அந்த மாதங்களில் ஓரிடத்தில் தங்கிவிடுவார்கள். தங்குவதற்கு ஊருக்குள் இடம் தேடாமல், ஊரை அடுத்த குன்றுகளில் இயற்கையாக அமைந்த குகைகளைத் தேர்ந்துகொண்டார்கள். பிச்சை ஏற்பதற்கு ஊர் பக்கம், தவத்துக்கு ஊர் தூரம். அந்தக் கணக்கு நமக்கும் விளங்குகிறது.

குகை என்றதும் பத்துமலையை நினைத்துக்கொள்ளாதீர்கள். பத்துமலை சுண்ணாம்புப் பாறை. பல நூறாயிரம் ஆண்டுகளாக நீர் அரித்து அரித்துப் பெரிய மண்டபம்போல் ஆகியிருக்கிறது. மதுரை, புதுக்கோட்டைப் பக்கத்து மலைகளோ கருங்கல். அங்கே குகை என்பது பெரும்பாலும் ஒரு பாறையின்மேல் இன்னொரு பாறை கவிந்து நிற்கும் இடுக்குத்தான். குனிந்துதான் போகவேண்டும். அந்த இடுக்கின் தரையைக் கொத்திச் சமன்படுத்தி, ஆள் படுக்கும் அளவுக்கு மேடைபோல் செதுக்கி, தலைமாட்டில் தலையணைபோலக் கொஞ்சம் உயர்த்தி, வழவழப்பாகத் தேய்த்திருப்பார்கள். இதற்குக் கற்படுக்கை என்று பெயர். மேலே குகையின் நெற்றியில் நீளமாக ஒரு காடி வெட்டியிருப்பார்கள். பாறைமேல் வழிந்து வரும் மழைநீர் அந்தக் காடியில் தடைபட்டுச் சொட்டிவிடும், உள்ளே வராது. நம் லயத்து வீட்டுத் தாழ்வாரத்தில் தகரம் வைத்துத் தண்ணீரை வழிமாற்றுகிறோமே, அதே வேலைதான். அந்தக் காடிக்குப் பக்கத்தில்தான் பெரும்பாலும் எழுத்துகள் இருக்கும்.

நாங்கள் முதலில் போனது சித்தன்னவாசல். புதுக்கோட்டை நகரிலிருந்து சுமார் 16 கிலோமீட்டர். நம் தோட்டங்களில் புதுக்கோட்டைச் சீமையைச் சொந்த ஊராகச் சொல்லும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் போகும் வழியிலேயே இந்த மலை இருக்கிறது. நுழைவுச்சீட்டு வாங்கும் இடத்தில் எங்களைப் பார்த்து உள்ளூர்க்காரர்கள் என்றே நினைத்தார்கள். கடப்பிதழைக் காட்டியதும் அயல்நாட்டார் கட்டணம். பழைய தமிழ் எழுத்தைப் பார்க்கப் போனவர்களுக்கு அயல்நாட்டார் சீட்டு. சட்டம் சட்டந்தான், கட்டிவிட்டு ஏறினோம்.

படிகள் ஏறி, மலையின் முகட்டைக் கடந்து மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம் என்ற குகைத்தளம். பாறைச் சரிவில் கால் வைப்பதற்கென்று வெட்டப்பட்ட ஏழு குழிகளால் வந்த பெயர் அது. இப்போது பிடித்துக்கொள்ளக் கம்பி போட்டிருக்கிறார்கள். கம்பி இல்லாத காலத்தில் ஒரு கை தவறினால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தாலே உள்ளங்கால் கூசுகிறது. உள்ளே 17 கற்படுக்கைகள் இருக்கின்றன. அவற்றுள் பெரிய படுக்கையில்தான் பழைய எழுத்து. கிறித்துவுக்கு முந்தைய நூற்றாண்டைச் சேர்ந்தது என்பது அறிஞர்கள் முடிவு. எருமிநாட்டுக் குமுழூரில் பிறந்த ஒருவருக்காக, சிறுபொசில் என்னும் ஊரைச் சேர்ந்த இளையர் செய்து கொடுத்த இருக்கை இது என்பது அதன் கருத்து. எருமிநாடு என்பது இன்றைய கருநாடகத்து மைசூர்ப் பகுதி என்று அறிஞர் கருதுவர். எங்கோ பிறந்து நடந்து வந்த ஒருவர்; பாறையைக் குடைந்து அவருக்குப் படுக்க இடம் செய்து கொடுத்தவர் இந்த ஊர்ப் பக்கத்தார். அவர் பிறந்த ஊரின் பெயரையும் மறக்காமல் எழுதி வைத்தார்கள். கடல்கடந்து வந்த பாட்டன்மாரின் பேரப்பிள்ளைகளாகிய நாம் அந்த வரியை இரண்டு தடவை கேட்டுத் தெரிந்துகொண்டோம்.

மற்றப் படுக்கைகளில் பிற்கால எழுத்தில் திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன் முதலிய பெயர்கள் வெட்டப்பட்டிருக்கின்றன. அப்படியானால், அந்தச் சின்னக் குகை பல நூற்றாண்டுகள் தொடர்ந்து ஆளிருந்த இடம்! ஒரு துறவி போனபின் அடுத்தவர் என்று எத்தனை தலைமுறை வந்து படுத்து எழுந்திருப்பார்களோ.

மலையின் மேற்குச் சரிவில் இருப்பது அறிவர் கோயில். இது இயற்கைக் குகையன்று. பாறையைக் குடைந்தே செய்த கோயில், அஃதாவது குடைவரை. சுண்ணாம்புச் சாந்து பூசி அதன்மேல் தீட்டிய ஓவியங்களால் உலகப் புகழ் பெற்றது. விதானத்தில் ஒரு தாமரைக் குளம். மீன்கள், பறவைகள், எருமை, யானை, நடுவே இறங்கிப் பூப்பறிக்கும் ஆண்கள். சமண நூல்கள் சொல்லும் புண்ணியக் குளம் அது என்கிறார்கள். எங்களுக்கு என்னவோ, எருமையின் முகத்தைப் பார்த்தபோது தீட்டியவன் அந்த ஊர்க் குளத்தங்கரையில் பல நாள் உட்கார்ந்திருந்தவன் என்றே தோன்றியது. தூண்களில் ஆடற்பெண்டிர் உருவமும், ஓர் அரசன், அரசியின் உருவமும் மங்கலாகத் தெரிகின்றன. காற்றும் ஈரமும் கொஞ்சம் கெடுத்தன. பார்க்க வந்தவர்களின் கையும் நிறையக் கெடுத்தது. இது மகேந்திரவர்ம பல்லவன் காலத்து வேலை என்று ஒரு காலத்தில் எழுதினார்கள். ஆனால் அங்குள்ள கல்வெட்டு, மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் இந்தக் கோயிலைப் புதுப்பித்தார் என்று பாண்டியன் சீமாறன் சீவல்லபன் காலத்தில், அஃதாவது 9ஆம் நூற்றாண்டில் கூறுகிறது. கருவறைக்குள் நின்று மெல்ல முனகினால் அறை முழுவதும் கூடவே முனகுகிறது. பிள்ளைகளை வெளியே கூட்டிவருவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

அந்த 9ஆம் நூற்றாண்டைக் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்மில் பலர் சிறுவயதில் தேவாரச் சபையிலும் திருமுறை வகுப்பிலும் கேட்ட கதை ஒன்று உண்டு. திருஞானசம்பந்தரோடு வாதில் தோற்ற எண்ணாயிரம் சமணர் மதுரையில் கழுவேறினார்கள் என்பது அது. சம்பந்தர் வாழ்ந்தது 7ஆம் நூற்றாண்டு. இந்தக் கதையை விரித்துச் சொல்லும் பெரியபுராணம் 12ஆம் நூற்றாண்டு நூல். சமயப் பூசல் நடந்தது உண்மை. தேவாரப் பாடல்களிலேயே அதன் சூடு தெரிகிறது. ஆனால் சமணர் பூண்டோடு அழிந்தார்கள் என்றால், இருநூறு ஆண்டு கழித்துப் பாண்டியன் காலத்தில் மதுரை ஆசிரியர் ஒருவர் சமணக் கோயிலைப் பழுதுபார்த்தது எப்படி? மதுரையைச் சுற்றியுள்ள குன்றுகளில் 9, 10ஆம் நூற்றாண்டுகளில் புதிதாகத் தீர்த்தங்கரர் சிலைகளைச் செதுக்கியது எப்படி? புராணத்தைப் பக்தியோடு படிப்பது வேறு, அதையே கணக்குப் புத்தகமாகக் கொள்வது வேறு. கல்லில் உள்ளதையும் சேர்த்துப் படித்தால்தான் கணக்கு நேராகும். தமிழகத்தில் இன்றைக்கும் வந்தவாசி, ஆரணி, காஞ்சிபுரம் வட்டாரங்களில் தமிழையே தாய்மொழியாகக் கொண்ட சமணக் குடும்பங்கள் வாழ்கின்றன.

மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடி என்ற ஊரில் சமணமலை இருக்கிறது. அடிவாரத்தில் தாமரைக் குளம், ஆலமரம், அய்யனார் கோயில், கருப்பசாமி. நம் தோட்டத்து எல்லைக் கோயிலுக்கு வந்துவிட்டது போலவே இருந்தது. மலையின் ஒரு பக்கம் செட்டிப்புடவு. குகைக்கு வெளியே பாறையில் தீர்த்தங்கரர் ஒருவர் பெரிதாக அமர்ந்திருக்கிறார். நீண்ட காதும் நிறைந்த உடம்புமாக இருப்பதால், ஊரார் கண்ணுக்கு அவர் ஒரு செட்டியாராகத் தெரிந்திருக்கிறார். அதனால் அந்தப் பெயர் வந்தது என்பார்கள். இன்னொரு பக்கம் பேச்சிப்பள்ளம். அங்கே ஒரு சுனை; அதற்கு மேலே பாறையில் வரிசையாக எட்டுத் திருவுருவங்கள், கீழே வட்டெழுத்தில் செய்வித்தவர்களின் பெயர். தமிழகத்தில் வேறு பல ஊர்களிலும் இப்படித்தான். சமணர் சிலையை வேறு சாமியாகக் கும்பிடுகிறார்கள். கற்படுக்கைகளைப் பஞ்சபாண்டவர் படுக்கை என்று சொல்வார்கள். பெயர் மாறிப்போனாலும், சாமி என்று கும்பிட்டதால் உடைக்காமல் விட்டார்கள். அது பெரிய காவல்.

இனி நமக்கு மிகவும் பிடித்த இடத்துக்கு வருவோம். அழகர்மலை உங்களுக்குத் தெரியும். கள்ளழகர் கோயிலுக்குப் போகாதவர் யார்? அதே மலையின் வேறொரு பக்கத்தில், கிடாரிப்பட்டி என்ற ஊர்வழியாகப் போனால் ஒரு பெரிய குகைத்தளம் இருக்கிறது. அங்கே கற்படுக்கை செய்யக் கொடை கொடுத்தவர்களின் பெயரும் தொழிலும் இரண்டாயிரம் ஆண்டுக்கு முந்திய எழுத்தில் இருக்கின்றன. அவர்கள் யார்? மதுரைப் பொற்கொல்லன் ஒருவன். உப்பு வணிகன் வியகன். பாணித வணிகன் நெடுமூலன். பாணிதம் என்றால் கருப்பஞ்சாற்றுப் பாகு. கலப்பைக்குக் கொழு விற்றவன் ஒருவன். அறுவை வணிகன் ஒருவன். அறுவை என்றால் துணி. கரூருக்குப் பக்கத்துப் புகளூர் மலையில் எண்ணெய் வணிகன் ஒருவனும் வருகிறான். வெல்லம், உப்பு, எண்ணெய், துணி, இரும்பு என்று நம் தோட்டத்துக் கடையில் உள்ள சாமான் பட்டியலைப் படிப்பதுபோல் இருக்கிறது.

உழைத்துப் பிழைத்தவர்கள் தங்கள் பெயரைத் தங்கள் மொழியில் எழுதுவித்தார்கள் என்பதை எண்ணிப்பாருங்கள். அதே காலத்தில் மாங்குளம் மலையில் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயரும் இருக்கிறது. அவன் அரசன், அவன் பெயர் நிற்பதில் வியப்பில்லை. உப்பு வணிகன் பெயரும் நிற்கிறதே! நம் முன்னோர் பெயர்கள் எங்கே இருக்கின்றன? செக்ரோல் புத்தகத்தில் கிராணி காதில் விழுந்தபடி எழுதிய ஆங்கில எழுத்துகளில் இருந்தன. பல தோட்டங்களில் அந்தப் புத்தகமும் கரையானுக்குப் போயிற்று. தாத்தாவின் அப்பா பெயர் என்ன என்று வகுப்பில் கேட்டால் முப்பது பிள்ளைகளில் நான்கைந்து கை உயரும். வீட்டில் பெரியவர்கள் இருக்கும்போதே கேட்டு ஒரு தாளில் எழுதி வையுங்கள் என்று இந்த இடத்தில் நாம் சொல்லியே ஆகவேண்டும். ஆசிரியர் வேலை அப்படி.

அந்த எழுத்தின் பெயர் தமிழி. தமிழ் பிராமி என்றும் சொல்வார்கள். அதில் 'க' என்பது கூட்டல் குறி. 'ர' என்பது நிமிர்ந்த ஒரு கோடு. திரும்பி வந்து கரும்பலகையில் எழுதிக் காட்டியபோது, "சார், அந்தக் காலத்தில் கணக்குப் பாடமும் தமிழ்ப் பாடமும் ஒன்றுதானா?" என்று மூன்றாம் ஆண்டு மாணவன் ஒருவன் கேட்டான். அந்த எழுத்தில் இரட்டிக்கும் மெய்யை ஒற்றையாகவே எழுதும் வழக்கமும் உண்டு. உப்பு வணிகன் என்பதை 'உபு' வணிகன் என்றுதான் வெட்டியிருக்கிறார்கள். நம் வகுப்பில் எழுதினால் சிவப்பு மைதான்.

அவற்றைப் படித்தறிந்த கதையும் சுவையானது. மாங்குளம் எழுத்துகளை 1882இல் இராபர்ட் சுவெல் என்ற ஆங்கில அதிகாரி கண்டறிந்தார். எழுத்து வடநாட்டு அசோகன் எழுத்தைப் போல் இருந்ததால், மொழியும் வடநாட்டுப் பிராகிருதமாகத்தான் இருக்கும் என்று படித்தவர்கள் நம்பினார்கள். அப்படி வைத்துப் படித்தால் பொருள் சரியாக வரவில்லை. 1924இல் கே. வி. சுப்பிரமணிய ஐயர் என்ற அறிஞர், இவற்றில் ழ, ள, ற, ன என்ற தமிழுக்கே உரிய எழுத்துகள் இருக்கின்றன. ஆகவே மொழி தமிழ் என்று எடுத்துக்காட்டினார். நாற்பது ஆண்டுக்கும் மேலாகப் பூட்டியிருந்த கதவை 'ழ'கரம் திறந்தது. பிறகு ஐராவதம் மகாதேவன் மலை மலையாக ஏறிப் படியெடுத்து, 2003இல் பெருநூலாக வெளியிட்டார். 2018இல் அவர் மறைந்தார்.

ஆசிரியர் என்ற முறையில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியவில்லை. 'பள்ளி' என்றால் படுக்கை, படுக்கும் இடம். பெருமாள் பள்ளிகொண்டார் என்கிறோமே, அந்தப் பள்ளி. துறவிகள் தங்கிய இடம் பள்ளி ஆயிற்று. அங்கே அவர்கள் எழுத்தும் இலக்கணமும் மருந்தும் சொல்லிக்கொடுத்ததால், பிள்ளைகள் படிக்கும் இடமும் பள்ளியாயிற்று என்று அறிஞர் சொல்வர். நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் உருப்போட்ட நன்னூலைச் செய்த பவணந்தி முனிவரும் சமணரே. கழுகுமலைக் கல்வெட்டுகளில் 'குரத்தியர்' என்று பெண் ஆசிரியர்கள் வருகிறார்கள். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பெண்ணை ஆசிரியையாகக் கல்லில் எழுதிய இடம் அது. பெண்பிள்ளைக்கு எதற்குப் படிப்பு என்று கேட்கும் வீடு இன்னும் எங்கேனும் இருந்தால் அவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

கடைசியாக நாங்கள் போனது மேலூருக்கு அருகில் உள்ள அரிட்டாபட்டி. அங்கே ஏழு குன்றுகள் சூழ்ந்திருக்கின்றன. குளங்கள், நீரூற்றுகள், வல்லூறு முதலிய பறவைகள், கற்படுக்கையும் தமிழிக் கல்வெட்டும், தீர்த்தங்கரர் சிலை, பாண்டியர் காலத்துச் சிவன் குடைவரை, எல்லாம் ஒரே ஊரில். மேலூர் வட்டாரத்தில் பல குன்றுகளைக் கருங்கல்லுக்காக வெட்டி வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்துவிட்டார்கள். கீழவளவில் கற்படுக்கை உள்ள குன்றைச் சுற்றிலும் பாதி வெட்டிய பாறைகள் பாளம் பாளமாகக் கிடக்கின்றன. பார்க்கப் பொறுக்கவில்லை. அரிட்டாபட்டி மக்கள் விழித்துக்கொண்டவர்கள். 2022 நவம்பரில் அந்த ஊரைத் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர் மரபுத் தலமாக அரசு அறிவித்தது. இரண்டே ஆண்டில், 2024 நவம்பரில், அந்த ஊரையும் உள்ளடக்கிய சுமார் ஐயாயிரம் ஏக்கரில் டங்ஸ்டன் என்ற உலோகம் தோண்டுவதற்கு மத்திய அரசு ஏலம் முடித்தது. அப்போது சுற்றுவட்டார ஊர்கள் கூடின. கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள். டிசம்பரில் சட்டமன்றமும் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 சனவரி 7ஆம் நாள் ஆயிரக்கணக்கான உழவர்களும் பெண்களும் மேலூர்ப் பக்கமிருந்து மதுரைக்குப் பேரணியாக வந்தார்கள். சனவரி 23ஆம் நாள் அந்த ஏலம் நீக்கப்பட்டது.

தோட்டம் விற்கப்பட்டு, லயத்தையும் கோயிலையும் விட்டு வெளியேறிய குடும்பங்கள் நம்மில் உண்டு. இந்தச் செய்தி அவர்களுக்கு எப்படிப் படும் என்று நமக்குத் தெரியும்.

போக நினைப்பவர்களுக்கு இரண்டு வார்த்தை. காலை ஏழு, எட்டு மணிக்கே மலை ஏறிவிடுங்கள். பத்து மணிக்குமேல் பாறை அடுப்புக் கல்லாகிவிடும். தண்ணீர் கையில் இருக்கட்டும், வழுக்காத காலணி வேண்டும். மூட்டுவலி உள்ள பாட்டிமாரைச் சித்தன்னவாசலில் அறிவர் கோயிலோடு நிறுத்திக்கொள்ளுங்கள், ஏழடிப்பட்டம் வேண்டாம். கிடாரிப்பட்டிக்கும் அரிட்டாபட்டிக்கும் ஊரில் கேட்டுத் துணையோடு போவதே நல்லது. ஆடு மேய்க்கும் பிள்ளைகளுக்குக்கூடக் கற்படுக்கை எங்கே என்று தெரிந்திருக்கிறது. பாறையில் எழுத்தைத் தேடும்போது வெயில் சாய்ந்து விழும் நேரம் உதவும். நேர் வெயிலில் ஒன்றும் தெரியாது. கையால் தடவிப் பார்க்கவேண்டாம், சுண்ணாம்பு தடவிப் படம் எடுக்கவும் வேண்டாம். காதலர் பெயரும் கட்சிப் பெயரும் அங்கே ஏற்கனவே போதுமான அளவு எழுதியாயிற்று.